ஜெனரலின் அல்பமும் மாமனாரின் திதியும்

பொது அலுவலகம் ஒன்றுக்கு எழுத்தில் கொடுக்கப்படும் விண்ணப்பத்துக்கு, வேறு கெடு எதுவும் விதிக்கப்படாதவிடத்து, முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். இத்தாலியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதில் ஆம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். கையொப்பம் இருக்க வேண்டும். பலேர்மோவில் இந்த விதி தெரியாமலே வேலை செய்து, பதவியுயர்வும் பெற்று, பிரியாவிடை விருந்தும் உண்டு போன உத்தியோகத்தர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் உண்டு.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். இங்கே வந்து மற்றவர்களின் வீடுகளில் தரை துடைத்தேன். பிறகு தொழிற்சங்கம் ஒன்றின் உதவி மேசையில் அமர்ந்து எங்கள் ஆட்களின் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி, வாடகை ஒப்பந்தம், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பி, கடைசியில் என் ஓய்வூதியப் படிவத்தையும் நானே நிரப்பி வெளியே வந்தேன். இன்றும் எங்கள் சனம் தெருவில் என்னைக் கண்டால் சுகம் விசாரிப்பதில்லை. பையைத் திறந்து கடிதத்தை எடுக்கும்.

என் கணவருக்கு வயது எண்பத்திரண்டு. அவர் பிறந்தது மலாயாவில், யப்பானியர் ஆட்சியில். அவருடைய தகப்பன் அங்கே ரயில்வேயில் கிராணி, அதாவது கணக்கும் கடிதமும் எழுதுபவர். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே பாதை போடப் போகிறோம், அலுவலக வேலைதான், மூன்று மாதம் என்று சொல்லி யப்பானியர் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது மாமி இவரை வயிற்றில் வைத்திருந்தார். போனவர் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து திரும்பிய ஒருவர் மாமியிடம் வந்து, காய்ச்சலில் செத்துப்போனார் என்றார். எந்த மாதம் என்று மாமி கேட்டார். மழை மாதம் என்றார் அவர். சயாமில் வருடத்தில் பாதி மழை.

செத்த நாள் தெரிந்தால்தான் திதி தெரியும். திதி தெரிந்தால்தான் திவசம். திதி தெரியாத தகப்பனுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது. அது ஊரிலுள்ள எல்லாத் தகப்பன்மாருக்கும் பொதுவான நாள். அறுபது வருடத்துக்கு மேலாக இவர் அந்தப் பொது நாளில் விரதம் இருந்து காகத்துக்குச் சோறு வைக்கிறார். பலேர்மோவில் காகத்துக்கு முதல் கடற்பறவை வந்து கொத்திக்கொண்டு போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் இவருடைய இருதயத்துக்கு வால்வு மாற்றினார்கள். அதன் பிறகு ஒரே பேச்சு.

“ஒருக்கா, ஒரே ஒருக்கா, அப்பாவின்ரை நாளிலை அப்பாவுக்குச் செய்துபோட்டுப் போகவேணும்.”

“எங்கை போறியள்?” என்பேன் நான்.

“நீர் ஒரு பக்கம்” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இந்த நாட்டில் எங்களுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. நாங்கள் தகப்பன் பேரை முன்னால் எழுதி எங்கள் பேரைப் பின்னால் எழுதுவோம். இத்தாலியக் கந்தோர்ப் பதிவில் அது குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே சயாமில் செத்த என் மாமனாரின் பேர்தான் எங்கள் வாசல் மணியில் இருக்கிறது. மின்கட்டணம் அவருக்குத்தான் வருகிறது. வாக்காளர் அட்டையும் அவர் பேரைத்தான் முதலில் சொல்கிறது.

அந்தப் பேரைத்தான் போன ஏப்ரலில் ஒருத்தி பார்த்தாள். அவள் மன்னாரைச் சேர்ந்தவள், துறைமுகத்துப் பக்கம் நகரசபைக்குச் சொந்தமான கண்காட்சி மண்டபம் ஒன்றைக் கூட்டித் துடைக்கிறவள். அவளுடைய பெர்மெசோ முழுவதும் என் கையெழுத்தில் நிரப்பப்பட்டது. பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு ஏறினாள்.

“அக்கா, உங்கடை பெல்லிலை கிடக்கிறது ஆற்றை பேர்?”

“இவற்றை தகப்பன்ரை. ஏன்?”

“அந்தப் பேரை நான் இண்டைக்குப் பாத்தனான். எங்கடை மண்டபத்திலை ஒரு யப்பான் ஜெனரலின்ரை கண்காட்சி வரப்போகுது. பழைய பட அல்பம் ஒண்டு மேசையிலை திறந்து கிடந்தது. ஒரு தாளிலை பத்துப் பன்னிரண்டு பேர், இங்கிலீசு எழுத்திலை. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்திலை சிலுவை மாதிரி ஒரு குறியும் இலக்கங்களும். எல்லாம் எங்கடை ஆக்களின்ரை பேர் மாதிரிக் கிடந்தது. அதிலை இதும் ஒண்டு.”

தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

“என்ன இலக்கம் பிள்ளை?” என்று கேட்டார் இவர்.

“எனக்கு நினைவில்லை அண்ணை. திகதி போலத்தான் கிடந்தது.”

மே நடுவில், கண்காட்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமையே போனோம். இவர் கோட்டுப் போட்டுக்கொண்டார்.

ஒரு ஜெனரலின் வாழ்க்கையைப் பத்துப் பலகைகளில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அதைக் கச்சேரியில் சுயவிபரக் கோவை வாசிப்பது போல வாசித்தேன். வேறு விதமாக வாசிக்க எனக்குத் தெரியாது. வறிய சாமுராய்க் குடும்பத்தில் மூன்றாவது மகன். படைக் கல்லூரிக்கு அனுமதி: நாள், மாதம், வருடம். இரண்டாம் லெப்டினன்ட்: நாள், மாதம், வருடம். யுத்தக் கல்லூரியில் சிறப்புச் சித்தி, சக்கரவர்த்தியின் கையால் பரிசு. ரோமாபுரித் தூதரகத்தில் இராணுவ உதவியாளர். அந்தக் காலத்தில்தான் பலேர்மோவுக்கு விடுமுறையில் வந்து, இந்த ஊர்ப் பிரபு ஒருவருடன் சிநேகிதமாகி, எலுமிச்சைத் தோட்டத்தைப் பற்றி நாலு வரிக் கவிதை எழுதியிருக்கிறார். பிறகு மஞ்சூரியா. பிறகு சீனா, அங்கே என்ன செய்தார் என்பதைப் பலகை “கடினமான ஆண்டுகள்” என்று சொல்லி முடித்துக்கொண்டது. யாருக்குக் கடினம் என்று எழுதவில்லை. பிறகு தெற்குப் படைத் தலைமையகத்தில் போக்குவரத்துப் பொறுப்பு. “காட்டுக்குள் நானூறு கிலோமீற்றர் பாதையைக் குறித்த காலத்தில் முடித்தார்” என்று ஒரு வரி. அவர் முடித்தாராம். மண்வெட்டியைப் பிடித்தவர் அவர்தான் போல.

அந்த மனிதரின் ஒரு பதவியுயர்வாவது ஒரு நாள் பிந்தவில்லை. மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், விருதுகள், இடமாற்றங்கள், எல்லாம் திகதியோடு. யுத்தம் தோற்ற பிறகு அவரைக் கைதுசெய்யவில்லை. சாட்சியாக அழைத்து, தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கடைசிப் பலகையில் கிழவர் தன் வீட்டுத் தோட்டத்தில் எலுமிச்சை மரத்தருகே குந்தியிருக்கிறார். ஓய்வூதியம் பெற்று, எண்பத்தேழு வயதில், நித்திரையில் செத்தார். அதற்கும் திகதி உண்டு.

கண்ணாடிப் பெட்டிக்குள் அல்பம் இருந்தது. பாதை முடிந்ததும் அவருடைய அலுவலகத்தினர் செய்து கொடுத்த நினைவு அல்பம். ஒரு பிரதியைப் பலேர்மோச் சிநேகிதருக்கு அனுப்பியிருக்கிறார். திறந்திருந்த பக்கத்தில் ஒரு படம்: மூங்கில் கந்தோர், நடுவில் கதிரையில் வாளோடு ஜெனரல், பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட கிராணிமார் இரண்டு வரிசை. எல்லோரும் எங்கள் ஆட்கள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மூக்கு பெட்டியில் முட்டும்வரை குனிந்தார். வீட்டில் தகப்பனின் படம் ஒன்றுகூட இல்லை.

“இதிலை ஆரை எண்டு பாக்கிறது?” என்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மண்டபத்தின் பொறுப்பாளர் வந்தார். நாற்பது வயது, வட்டக் கண்ணாடி, யப்பானுக்கு இரண்டு முறை போய் வந்தவராம். எங்களைக் கண்டதும் இடுப்பை மடித்து வணங்கினார். நாங்கள் இலங்கையர் என்றேன். நிமிர்ந்தார். அடுத்த பக்கத்தை ஒருமுறை புரட்டிக் காட்ட முடியுமா, என் கணவரின் தகப்பனுடைய பேரும் செத்த நாளும் அதில் இருக்கலாம் என்றேன்.

“முடியாது சின்ஞோரா. ஈரப்பதம். பெட்டியைத் திறந்தால் தாள் பழுதாகும். கண்காட்சி முடியும்வரை இந்தப் பக்கம்தான்.”

“இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று பலகையில் இல்லையே?”

“இது ஒரு மனிதரின் வாழ்க்கை பற்றிய கண்காட்சி. அவர் மென்மையான மனிதர். கவிதைகள் எழுதியிருக்கிறார்.”

“கிராணிமார் எழுதியிருந்தால் அவர்களையும் சுவரில் தொங்கவிட்டிருப்பீர்களா?”

அவர் கதவைப் பார்த்தார். “வேண்டுமானால் எழுத்தில் விண்ணப்பியுங்கள்” என்றார்.

என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று பின்னேரமே எழுதினேன். இரண்டு பக்கம், நான்கு இணைப்பு. அடுத்த நாள் நகரசபையில் கொடுத்து, முத்திரை குத்தி, பதிவிலக்கம் வாங்கிக்கொண்டு வந்தேன். முப்பது நாள் அன்றிலிருந்து ஓடத் தொடங்கியது.

ஜூன் முதல் வாரம் மன்னார்க்காரி திரும்பவும் வந்தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, திங்கக்கிழமை மண்டபம் பூட்டு. பெட்டியைத் திறந்து கண்ணாடியின்ரை உள்பக்கம் துடைக்கிறது நான்தான்.”

“ஈரப்பதம் எண்டு அந்தாள் சொன்னான்?”

“அந்தாளே திறப்பைத் தந்து திறக்கச் சொல்லுறது. ஒரு தாளைப் பிரட்டி போனிலை ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம்? அண்ணைக்கு எண்டால் செய்யிறன்.”

இவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். “பிள்ளை தானே கேக்குது. ஒருக்கா எடுக்கட்டுமன்.”

நான் வேண்டாம் என்றேன். பிடிபட்டால் வேலை போகும். வேலை ஒப்பந்தம் போனால், செப்டெம்பரில் புதுப்பிக்கவிருந்த பெர்மெசோவும் போகும். அந்தப் படிவத்தை நிரப்பினவள் நான், எனக்குத் தெரியும் என்றேன். சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அவை இரண்டாவதாக வந்த காரணங்கள். முதலாவது காரணம், என் கடிதம் பதிவாகியிருந்தது. அந்த வட்டக் கண்ணாடிக்காரனிடமிருந்து கையொப்பமிட்ட பதிலை வாங்கவேண்டும் என்று எனக்கு இருந்தது. திருட்டுப் படம் எடுத்தால் அவன் பதில் சொல்லாமலே வென்றுவிடுவான்.

“முப்பது நாள்தானே. இன்னும் பத்து நாள் கிடக்கு” என்றேன்.

“உம்மடை பத்து நாள்” என்றார் இவர். எழுந்து அறைக்குள் போய்விட்டார். மன்னார்க்காரி கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

முப்பதாம் நாள் எதுவும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவூட்டற் கடிதம் அனுப்பினேன். ஜூன் கடைசியில் கண்காட்சி முடிந்து, அல்பத்தைப் பெட்டியில் வைத்து ஊருக்கு வெளியே ஒரு களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மன்னார்க்காரியின் துடைப்பம் அங்கே எட்டாது.

ஜூலையில் நேரே போனேன். உறவை நிரூபிக்க வேண்டும் என்றார் பொறுப்பாளர். குடும்பப் பெயரே சாட்சி என்றேன். ஒரே குடும்பப் பெயர் பலருக்கு இருக்கலாம் என்றார். இவருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியை மேசையில் வைத்தேன். யப்பானியர் காலத்தில் மலாயாவில் கொடுத்தது, தகப்பன் பேர், தொழில் எல்லாம் உண்டு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சின்ஞோரா, இதில் பிறந்த ஆண்டு 2603 என்று இருக்கிறது.”

“ஓம்.”

“அந்த ஆண்டு இன்னும் வரவில்லையே.”

யப்பானுக்கு இரண்டு முறை போய் வந்தவர். யப்பானியர் தங்கள் முதற் சக்கரவர்த்தியிலிருந்து ஆண்டை எண்ணி, பிடித்த நாடுகளிலும் அந்தக் கணக்கைத்தான் எழுதவைத்தார்கள். அவருடைய மென்மையான மனிதரின் ஆட்சியில்தான் என் கணவர் 2603இல் பிறந்தார். இதை விளக்கினேன். அவர் விளக்கத்தை எழுத்தில், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்புடன் தரச் சொன்னார். கொடுத்தேன். கூடவே, அவருடைய ஏழாவது பலகையில் இருந்த ஜெனரலின் கடிதத்தில் அதே வகை ஆண்டு இருப்பதை, கண்காட்சி நாளில் நான் எடுத்து வைத்திருந்த படத்தில் சிவப்பால் வட்டமிட்டு இணைத்தேன். அது தேவையில்லாத இணைப்பு. எனக்குத் தேவைப்பட்டது.

அந்த ஆடி அமாவாசைக்கும் இவர் விரதம் இருந்தார். பல்கனியில் சோற்றை வைத்துவிட்டு நின்றவரைப் பார்த்து, “வரும்” என்றேன். எதைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கடற்பறவை வந்தது.

ஓகஸ்டில் இந்த ஊரில் மனிதர்கள் கடலில் இருப்பார்கள், கந்தோரில் இருப்பதில்லை. செப்டெம்பரில், அல்பத்தை அன்பளித்த பிரபுவின் பேர்த்தியிடம் சம்மதம் கேட்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அந்த அம்மாள் சார்டினியாவில் இருக்கிறாராம். சார்டினியாவுக்கு இங்கிருந்து கப்பல் போகிறது, நானே கடிதத்தைக் கொண்டுபோகிறேன் என்றேன். ஒக்டோபரில் பொறுப்பாளருக்கு மேலே இருப்பவருக்கு எழுதினேன். அவருக்கு மேலே இருப்பவருக்கும் எழுதினேன். இவர் நடையைக் குறைத்துக்கொண்டார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நிற்பார். ஒரு நாள் மேலே வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “கடிதம் வந்ததோ?” என்றார். அதற்கு முன் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் வந்தது. மூன்று வரிக் கடிதம், மன்னிப்பு இல்லை, கையொப்பம் உண்டு. பின்னால் அந்தப் பக்கத்தின் பிரதி. “பணியில் இறந்த அலுவலர்” என்று மேலே யப்பானிய எழுத்தில் இருப்பதாகப் பென்சிலால் இத்தாலியக் குறிப்பு. பன்னிரண்டு பேர். பாதையோரம் ஆயிரக்கணக்கில் செத்த கூலிகளுக்கு அந்த அல்பத்தில் பக்கம் இல்லை. கிராணிமார் கந்தோரின் பேர் இடாப்பில் இருந்தவர்கள், ஆகவே கணக்கை முடித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். கச்சேரியில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஏழாவது வரியில் எங்கள் வாசல் மணிப் பேர். பக்கத்தில் 2603, பத்தாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்.

இவர் விரலை அந்த வரியில் வைத்து மாதங்களை எண்ணினார். “நான் பிறந்து ரண்டு மாதத்துக்குப் பிறகுதான் செத்திருக்கிறார். அம்மா எழுதின கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமோ?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அப்படி நான் சொல்வது அபூர்வம்.

கோயில் ஐயருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஆண்டை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று என்று மாற்றிச் சொன்னேன். அவர் ஏதோ ஒரு செயலியில் பார்த்தார்.

“ஐப்பசி மாதம், தேய்பிறை நவமி. அருமையான காரியம், இவ்வளவு காலத்துக்குப் பிறகு. பொறுங்கோ, இந்த வருசம்...” திரும்பவும் செயலியைப் பார்த்தார். “அம்மா, இந்த வருசம் அது போன வியாழக்கிழமை.”

“முடிஞ்சு போட்டுதோ?” என்றார் இவர்.

“போட்டுது. பரவாயில்லை, தவறின திதியை அமாவாசையிலை செய்யலாம், சாத்திரத்திலை இடமிருக்கு. ரண்டு மூண்டு நாளிலை அமாவாசை வருது.”

“அமாவாசையிலை நான் அறுவது வருசமாச் செய்யிறன் ஐயா. நாள் தெரிஞ்ச பிறகும் அமாவாசையோ? வாற வருசம் நவமியிலை செய்யிறன். எழுதி வையுங்கோ.”

“நல்லது. அடுத்த ஐப்பசிக்கு எழுதிறன்” என்றார் ஐயர். அவருக்கு இவருடைய இருதயத்தைப் பற்றித் தெரியாது.

போனை வைத்த பிறகு இவர் பிரதியை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளை படம் எடுக்கிறன் எண்டது எந்த மாதம்?”

“ஜூன்.”

தலையை ஆட்டினார். கோபமாக இருந்திருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். அவளுடைய வேலை, பெர்மெசோ, எல்லாம் வரிசையாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. பிரதியைக் கொண்டுபோய்ச் சுவாமித் தட்டில், விபூதிக் கிண்ணத்தின் கீழ் வைத்துவிட்டு, சாப்பிடுவம் என்றார்.

மேசையில் மூன்று வரிக் கடிதம் மட்டும் கிடந்தது. கோவையில் போட வேண்டிய தாள். பேனையை எடுத்து அதன் மேல்மூலையில் எழுதினேன்: கிடைத்தது, நவம்பர் 17, திங்கட்கிழமை.